ஏற்றுமதிப் பெட்டியின் மரமும் ஒரு சரக்கே

வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் வணிகர் சரக்கின் தரத்தைப் பார்க்கிறார், விலையைப் பார்க்கிறார், பணம் வந்து சேரும் வழியையும் பார்க்கிறார். பேக்கிங் பெட்டியை மட்டும் கடைசி நாளில் தச்சரின் பொறுப்பில் விட்டுவிடுகிறார். கோவை வெட் கிரைண்டரும் பம்ப்செட்டும், நாச்சியார்கோவில் குத்துவிளக்கும், மாமல்லபுரம் கற்சிலையும் கப்பல் ஏறும்போது பெரும்பாலும் மரத்தின் துணையோடுதான் ஏறுகின்றன. அந்த மரத்தில் ஒரு பலகை விதிக்குப் பொருந்தாமல் போனாலும், உள்ளே இருக்கும் பொருள் எவ்வளவு உயர்ந்ததாயினும் சரக்கு இறங்கு துறைமுகத்திலேயே நின்றுவிடும். எனவே பேக்கிங் மரத்துக்கான விதிகளை நம் வணிகர்கள் தாமே அறிந்து வைத்திருப்பது அவசியம்.

விதி வந்த காரணம்

மரத்தை அறுத்துப் பலகையாக்கிய பிறகும் அதற்குள் இருக்கும் வண்டின் புழு உடனே சாவதில்லை. பலகைக்குள்ளேயே வளர்ந்து, கப்பலில் பயணம் செய்து, புதிய நாட்டில் வண்டாக வெளியே வருகிறது. அங்கே அதை உண்ணும் இயற்கை எதிரிகள் இல்லாவிட்டால் அதன் பெருக்கத்துக்குத் தடையும் இல்லை.

1996-ல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஆசிய நீள்கொம்பு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. 1998-ல் சிகாகோவிலும் தென்பட்டது. சீனாவிலிருந்து சென்ற பேக்கிங் மரமே இது பரவிய வழி என்று அறியப்பட்டது. மரத்தின் உள்ளே இருக்கும் புழுவுக்கு மேலே தெளிக்கும் மருந்து எட்டாது. ஆகவே சாலையோரத்திலும் வீட்டுத் தோட்டங்களிலும் நின்ற மேப்பிள் முதலிய மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டி அழிக்க நேர்ந்தது. சிகாகோ இந்த வண்டிலிருந்து விடுபட்டது என்று அறிவிக்க 2008 வரை ஆயிற்று. 1999-ல் போர்ச்சுகல் நாட்டில் பைன் மரங்களை வாட்டும் நூற்புழு காணப்பட்டது. 2002-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட மரகத நிற வண்டு, பின்னர் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்தது. அதுவும் பேக்கிங் மரத்தின் வழியாகவே வந்திருக்க வேண்டும் என்பது நிபுணர்கள் கருத்து.

நாட்டுக்கு ஒரு விதி என்று ஆகிவிட்டால் வணிகம் நடக்காது. ஆகவே ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் சார்பில் 2002-ல் பொது விதி ஒன்று ஏற்கப்பட்டது. ஐ.எஸ்.பி.எம். 15 என்பது அதன் பெயர். அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஆஸ்திரேலியா உள்ளிட்ட பல நாடுகள் இறக்குமதிக்கு இதை வற்புறுத்துகின்றன. இந்தியாவும் தன் இறக்குமதிக்கு இதையே கேட்கிறது.

எந்த மரத்துக்குப் பொருந்தும்?

பதப்படுத்தாத பச்சை மரமோ காய்ந்த மரமோ, அறுத்த மரம் எதுவாயினும் பொருந்தும். பெட்டி, கிரேட், பேலட், கேபிள் சுற்றும் உருளை ஆகியவற்றோடு, கன்டெய்னருக்குள் சரக்கு அசையாமல் வைக்கும் முட்டுக்கட்டையும் இதில் அடங்கும்.

பிளைவுட், துகள்பலகை போன்று பசை, வெப்பம், அழுத்தம் கொண்டு செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. 6 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான கனமுள்ள மரம், மரத்தூள், மரச்சுருள் ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. ஆனால் பிளைவுட் பெட்டியின் அடியில் சாதாரணக் கட்டைகளைக் கால்களாக அடித்தால், அந்தக் கட்டைகளுக்கு விதி பொருந்தும். "பெட்டி பிளைவுட்தானே" என்று இருந்துவிடக் கூடாது.

இரண்டு முக்கிய முறைகள்

முதல் முறை வெப்பமூட்டுதல். மரத்தின் நடுப்பகுதி உட்பட எல்லாப் பகுதியும் 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை அடைந்து, அதே நிலையில் இடைவிடாமல் 30 நிமிடம் இருக்க வேண்டும். அறையின் காற்று 56 டிகிரியை அடைந்தால் போதாது. கனமான கட்டையின் நடுப்பகுதி சூடேறப் பல மணி நேரம் ஆகலாம். இதன் குறியீடு எச்.டி. சூளையில் காயவைத்த மரம் எல்லாம் இந்த அளவை எட்டியதாகக் கொள்ள முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது முறை மீத்தைல் புரோமைடு வாயுவை அடைத்து வைத்தல். இதன் குறியீடு எம்.பி. மரம் 24 மணி நேரம் வாயுவுக்குள் இருக்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரிக்குக் குறையக் கூடாது. 20 சென்டிமீட்டருக்கு மேல் கனமுள்ள கட்டைக்கு இம்முறை கூடாது. இந்த வாயு ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், இயன்றவரை மாற்று முறைகளைக் கையாளுமாறு உலக விதியே கூறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் தன் எல்லைக்குள் இதன் பயன்பாட்டை 2010-ல் நிறுத்திவிட்டது. புதிதாகப் பெட்டி செய்விப்போர் வெப்ப முறையைக் கேட்டு வாங்குவதே நல்லது.

எந்த முறையானாலும் மரப்பட்டையை நீக்கியிருக்க வேண்டும். எஞ்சிய பட்டைத் துண்டின் அகலம் 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பாதகமில்லை. அகலம் அதற்கு மேல் இருந்தால், ஒவ்வொரு துண்டின் பரப்பும் 50 சதுர சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வாயு முறையில் பட்டையை முன்னதாகவே நீக்கிவிட வேண்டும்.

முத்திரை

இறங்கு துறைமுக அதிகாரி முதலில் பார்ப்பது முத்திரையைத்தான். அதில் நான்கு விவரங்கள் இருக்கும்: கதிர் வடிவச் சின்னம், நாட்டின் குறியீடு (இந்தியாவுக்கு ஐ.என்.), பதப்படுத்தியவர் அல்லது பெட்டி செய்தவரின் எண், பதப்படுத்திய முறையின் குறியீடு. முத்திரை அழியாததாகவும் தெளிவாகவும், எளிதில் கண்ணில் படுவதாகவும் இருக்க வேண்டும். எதிரெதிரான இரண்டு பக்கங்களில் இருப்பது சிறப்பு. கையால் வரையக் கூடாது. அபாயச் சரக்குகளுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பயன்படுவதால் அந்த நிறங்களைத் தவிர்க்க வேண்டும்.

மத்திய அரசின் தாவரப் பாதுகாப்பு இயக்ககம் அனுமதித்த நிறுவனங்களே முத்திரையிடலாம். அச்சு வெட்டித் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால் அந்தப் பக்கமே போகக் கூடாது. போலி முத்திரையால் மிச்சமாவது சில நூறு ரூபாய். பணயம் வைப்பதோ முழுச் சரக்கையும் பல ஆண்டு நற்பெயரையும்.

பழைய பெட்டியும் புதுப் பலகையும்

நம்மவர்களில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். முறையாக முத்திரை பெற்ற பெட்டியை, மாற்றம் எதுவும் செய்யாத வரை, மீண்டும் பதப்படுத்தாமல் பயன்படுத்தலாம். பலகை மாற்றினால் கணக்கு வேறு.

24 பலகைகள் கொண்ட ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 3 பலகை உடைந்து மாற்றினால், மாற்றிய 3 பலகைகளும் பதப்படுத்தியவையாக இருந்து, ஒவ்வொன்றும் தனி முத்திரை பெற்றிருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 8-ஐத் தாண்டி 10 பலகைகளை மாற்றினால் அது புதுப்பெட்டிக்குச் சமம். பழைய முத்திரைகளை அழித்துவிட்டு, முழுப் பெட்டியையும் பதப்படுத்தி, புது முத்திரையிட வேண்டும். கன்டெய்னர் வாசலில் லாரி நிற்கும் அவசரத்தில், கையில் அகப்பட்ட ரீப்பரை அடித்து அனுப்பும் பழக்கம் இதனால்தான் ஆபத்தானது.

தவறினால் என்ன ஆகும்?

சரக்கைத் திருப்பி அனுப்பலாம். மரத்தை அழிக்கச் சொல்லலாம். சில நாடுகளில் அங்கேயே பதப்படுத்த அனுமதிக்கலாம். எதுவானாலும் துறைமுக வாடகையும் கப்பல் கூலியும் ஏறிக்கொண்டே போகும். அமெரிக்காவில் 2017 நவம்பர் முதல், முதல் தவறுக்கே அபராதம் விதிக்க இடமுண்டு. முத்திரை இருந்தும் உயிருள்ள பூச்சி அகப்பட்டால் அதுவும் குற்றமே. செலவை முதலில் ஏற்பவர் அங்குள்ள இறக்குமதியாளர். அடுத்த ஆர்டர் வரும்போது, அல்லது வராமல் போகும்போது, அது நம் கணக்கில் ஏறும்.

சரக்கு ஏற்றுமுன் பார்க்க வேண்டியவை

1. பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கும்போதே "ஏற்றுமதிக்கு, முத்திரையுடன்" என்று எழுத்தில் கொடுக்கவும்.

2. பெட்டிக்காரரின் அனுமதி எண்ணும் முத்திரையிலுள்ள எண்ணும் ஒன்றா என்று சரிபார்க்கவும்.

3. பட்டை, துளை, மாவு போன்ற தூள் உள்ள பலகையை ஒதுக்கவும். தூள் உதிர்ந்தால் உள்ளே பூச்சி இருக்கக்கூடும்.

4. முட்டுக்கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கவும். அதிகம் மறக்கப்படுவது இதுவே.

5. முத்திரை தெரியும்படி பெட்டியைப் படம் எடுத்து, பதப்படுத்திய சான்றின் நகலோடு பில் கட்டில் வைக்கவும்.

6. மரத்தை உலர்ந்த இடத்தில் வைக்கவும். பதப்படுத்துவது பூஞ்சணத்தைத் தடுக்காது.

இவற்றைப் பார்க்க அரை மணி நேரம் போதும். கணக்குப் பிள்ளையோ கிடங்கு ஆளோ ஒருவரை இதற்கென்றே பொறுப்பாக்கிவிட்டால் இன்னும் நல்லது. பொருளுக்குத் தரச் சான்று தேடி அலையும் நாம், அதைச் சுமக்கும் மரத்துக்கும் அதே கவனத்தைக் கொடுப்போம். நம் பெட்டியின் வழியாக ஒரு பூச்சி கடல் கடந்தால், நஷ்டம் ஒரு கடைக்கு மட்டுமல்ல. இந்திய முத்திரை தாங்கி அடுத்து வரும் பெட்டிகள் அனைத்தும் சந்தேகத்தோடு திறக்கப்படும்.