புல்லுக்கும் ஓய்வு வேணுமுங்க!



டவுனில் வீட்டு முன்னால் புல்தரை போட்டு, தினமும் தண்ணீர் விட்டு, மெஷின் வைத்து வெட்டுகிறார்கள். நம்ம பக்கம் ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றாமல், தலைமுறை தலைமுறையாக நிற்கிற புல்தரை ஒன்று இருக்கிறது. அதுதான் கொரங்காடு. குழுக் கடன் வாங்கி மாடும் ஆடும் வளர்க்கிற நமக்கு இதுதான் உண்மையான சொத்து. அதைக் காப்பாற்றுவது எப்படி என்று இந்த மாதம் படிப்போம்.

கொரங்காடு என்றால் என்ன?

காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் அதிகம் பார்க்கலாம். தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கொரங்காடு. காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் இதில் மேய்ந்து வளர்ந்தவைதான். புல் மேய்ச்சலுக்கு, மரம் நிழலுக்கு. கோடையில் உதிரும் வெள்வேலங்காயை ஆடு மாடு விரும்பித் தின்னும். வேலி இருப்பதால் காலையில் ஓட்டி விட்டுப் படலைச் சாத்தினால் போதும், பின்னாலேயே நடக்க வேண்டியதில்லை.

ஏன் இந்தப் புல்?

நமக்குத் தென்மேற்குப் பருவத்தில் காற்றுதான் அதிகம், மழை குறைவு. பெரும்பங்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான். மண்ணோ சரளை, சுக்கான் கலந்த செம்மண். கொழுக்கட்டைப் புல்லுக்கு வேர் ஆழமாக இறங்கும். கோடையில் மேலே காய்ந்தாலும் தூர் உயிரோடு இருக்கும். ஒரு மழை கிடைத்தால் துளிர்த்துவிடும். இதன் அருமை தெரிந்துதான் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் டெக்சஸ் பகுதியிலும் கொழுக்கட்டைப் புல்லை மேய்ச்சலுக்காகக் கொண்டுபோய் விதைத்தார்கள்.

அப்புறம் ஏன் காடு மொட்டையாகிறது?

“மழையே இல்லைங்க, அதான் புல் போச்சு” என்று சொல்கிறோம். மழை ஒரு காரணம்தான். பெரிய காரணம், புல்லுக்கு ஓய்வு கொடுக்காதது. முதல் மழையில் வரும் துளிர், வேரில் சேர்த்து வைத்த சத்தில் வளர்கிறது. நாம் சேமிப்பில் இருந்து எடுத்துச் செலவு பண்ணுவது போலத்தான். இலை விரிந்து வளர்ந்தால்தான் அந்தச் சேமிப்பைத் திரும்பக் கட்டும். துளிரையே ஆடு கடித்துவிட்டால்? மறுபடி வேரில் இருந்து எடுக்கும். இப்படியே எடுத்து எடுத்துத் தூர் செத்துப்போகும். அந்த இடத்தில் பார்த்தீனியமும் சீமைக் கருவேலமும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

என்ன செய்யலாம்?

1. முதல் மழை பெய்ததும் படலைத் திறக்காதீர்கள். புல் முழங்கால் அளவு வரட்டும். அதுவரை சோளத்தட்டைக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

2. காட்டை மூன்று, நான்கு பங்காகப் பிரித்து மாற்றி மாற்றி மேயுங்கள். தரையோடு மேய விடாதீர்கள். நான்கு விரல் உயரம் நிற்கும்போதே அடுத்த பங்குக்கு ஓட்டுங்கள்.

3. வருசத்துக்கு ஒரு பங்கில் புல் பூத்து, விதை முற்றி உதிரும் வரை மேய்ச்சல் வேண்டாம். அடுத்த வருசம் வேறு பங்கு.

4. மொட்டையான இடத்தில் விதை போடுங்கள். புது விதை சரியாக முளைக்காது. 6 முதல் 8 மாதம் வைத்திருந்து விதைக்க வேண்டும். மார்கழி, தையில் உருவிய விதை புரட்டாசி மழைக்குச் சரியாக இருக்கும். ஏக்கருக்கு 3 கிலோ போதும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 நீலக் கொழுக்கட்டையும் மானாவாரிக்கு ஏற்றது. கூடவே முயல் மசால் கலந்து போட்டால் தீவனத்தில் சத்து கூடும்.

5. கிளுவை வேலியில் சந்து விழுந்தால், மழைக்கு முன் போத்து வெட்டி நடுங்கள்.

காடு இல்லாதவர்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு சென்டில்கூடப் போடலாம். விதைத்து 70 நாளுக்கு மேல் முதல் அறுப்பு. மேய விடாமல், அடி விட்டு அறுத்துப் போடுங்கள்.

நாம் ஏன் இதைப் பேச வேண்டும்?

பங்குனியில் தீவனம் தீர்ந்தால் கேட்ட விலைக்கு மாட்டை விற்கிறோம். மாடு போனாலும் தவணை நிற்காது. கட்டுத்தரை வேலை முழுக்க நம் தலையில்தான். ஆனால் காட்டைக் குத்தகைக்கு விடும்போதும், சைட் போட விற்கும்போதும் நம்மை ஒரு வார்த்தை கேட்கிறார்களா? ஐக்கிய நாடுகள் சபை 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான ஆண்டாக அறிவித்தது. உலகமே பேசுவதை நம் வீட்டிலும் பேசலாம்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* நம் ஊரில் பத்து வருசத்துக்கு முன் எத்தனை கொரங்காடு இருந்தது? இப்போது எத்தனை?
* இந்த மழைக்கு எந்தப் பங்குக்கு ஓய்வு கொடுக்கப் போகிறோம்?
* மாட்டுக் கடன் கொடுக்கும் முன் “கோடைக்குத் தீவனம் இருக்கா?” என்று கேட்கிறோமா?

பேசி முடிவானதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.