மிதித்தால் தொளதொளக்கும் பெடல்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் என் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் கிளட்ச் பெடல் தொளதொளத்து, கியர் முரண்டு பிடிக்கிறது. என்ன செய்ய?
– வாசகர், சேந்தமங்கலம்

கிளட்ச் பிளேட்டுக்கு இப்போதே செலவழிக்காதீர்கள். அதே அடித்தளத்தில் பிறந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைப்போல உங்கள் வண்டியிலும் கிளட்சைத் தள்ளுவது கேபிள் அல்ல, ஆயில்.

இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் கெட்டியானால் உள்ளே காற்று; ப்ளீட் செய்யுங்கள். மிதித்தே வைத்திருக்கும்போது மெல்ல இறங்கினால், வெளியே சொட்டு ஒழுகாவிட்டாலும், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போயிருக்கும். கியர்பாக்ஸ் பக்கச் சிலிண்டரின் உறை ஈரமா? கசிவு அங்கேதான். எதுவானாலும் இரண்டுக்கும் சேர்த்தே கிட் மாற்றுங்கள். சிலிண்டர் உள்சுவர் கீறியிருந்தால் கிட் நிற்காது. ஊற்றுவது புது பிரேக் ஆயில்தான்; எஞ்சின் ஆயில் பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

அதுவரை இரட்டை மிதி மிதித்துச் சந்தைக்குப் போய்வரலாம். மலைக்கு வேண்டாம்!