மின் தொகுப்புக் கண்காணிப்பும் கணிப்பொறி நினைவகமும்

2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களிலும் மின் தொகுப்பு நிலைகுலைந்து, பல மாநிலங்கள் இருளில் மூழ்கின. இத்தகைய நிலைகுலைவு சில விநாடிகளில் பரவிவிடும். ஆகவே துணை மின் நிலையங்களிலுள்ள ஃபேசர் அளவுக் கருவிகள் விநாடிக்கு 25 முறை அதிர்வெண், மின்னழுத்தம் முதலியவற்றைப் பதிவு செய்கின்றன. ஒரு கருவியின் அதிர்வெண் பதிவுகள் மட்டுமே நாளொன்றுக்கு 21,60,000 ஆகும்.

இவற்றைக் கணிப்பொறியின் நினைவகத்தில் வைப்பதனால் மட்டும் விடை விரைந்து கிடைத்துவிடாது. ஒவ்வொரு வினாவுக்கும் அனைத்தையும் படிக்க நேர்ந்தால் காலம் வீணாகும். முதலாவதாக, ஒவ்வோர் அளவையும் தனிப் பத்தியாக அமைத்தல் வேண்டும். வினாவுக்குத் தொடர்பற்ற பத்தியைப் படிக்க வேண்டியதில்லை. இரண்டாவதாக, நிமிடத்திற்கு ஒரு தொகுதியாகப் பிரித்து, அதிலடங்கும் 1,500 பதிவுகளின் கூட்டுத்தொகை, மிகக் குறைந்த அளவு, மிக உயர்ந்த அளவு ஆகியவற்றை முன்னதாகவே குறித்து வைத்தல் வேண்டும். அதிர்வெண் 49.90 ஹெர்ட்சுக்குக் கீழ் இறங்கிய நேரங்களைக் கண்டறிய, நாளின் 1,440 குறிப்புகளை நோக்கி, உரிய தொகுதிகளை மட்டும் திறந்தால் போதும்.

சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் பதிவுகளை அழித்துவிடுவது சிக்கனமன்று. இரண்டு விநாடி நேர வீழ்ச்சியை நிமிடச் சராசரி மறைத்துவிடும். பின்னர் காரணத்தை ஆராய்வோருக்கு அந்த இரண்டு விநாடிகளே தேவைப்படும்.