ஹார்ப் வாசித்துப் பிழைக்க: தொடங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேடையில் ஹார்ப் கலைஞரைப் பார்ப்பவர்களுக்கு விரல்கள்தான் தெரியும். ஆனால் இந்தத் தொழிலின் பெரும்பகுதி சுமப்பது, சுருதி சேர்ப்பது, காத்திருப்பது. இந்த மூன்றும் ஒத்துவரும் என்றால் மேலே படியுங்கள்.

இங்கே சொல்வது பிரிட்டன் நிலவரம். ஒரு சிம்பொனி இசைக்குழுவில் வயலினுக்கு முப்பது நாற்காலி இருந்தால் ஹார்ப்புக்கு ஒன்றுதான் இருக்கும். அதில் உட்கார்ந்தவர் லேசில் எழுந்திருக்க மாட்டார். அதனால் பெரும்பாலானவர்கள் கூப்பிட்ட இடத்துக்குப் போய் வாசிப்பவர்கள்தான்.

1. கருவி கைக்குப் பிடிபடட்டும்

பெரிய கச்சேரி ஹார்ப்புக்கு 47 தந்திகள். உயரம் ஆறடி, எடை நாற்பது கிலோவை ஒட்டி. சி சுரத் தந்திகள் சிவப்பு, எஃப் தந்திகள் கறுப்பு. நடுவில் கண் வழிதவறாமல் இருக்க இந்த இரண்டு நிறங்கள்தான் துணை. சுண்டுவிரலுக்கு வேலை கிடையாது.

காலடியில் ஏழு பெடல்கள். இடது காலுக்கு டி, சி, பி. வலது காலுக்கு ஈ, எஃப், ஜி, ஏ. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள்: மேலே ஃபிளாட், நடுவில் நேச்சுரல், கீழே ஷார்ப். சி பெடலை ஒரு படி இறக்கினால் கருவியில் உள்ள சி தந்திகள் எல்லாம் சேர்ந்து அரைச் சுரம் ஏறும். செபாஸ்டியன் எரார் 1810இல் லண்டனில் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இன்றும் அடிப்படை மாறவில்லை.

நேராக இதில் இறங்க வேண்டாம். பெடல் இல்லாத, நெம்புகோல் வைத்த சிறிய ஹார்ப்பை வாடகைக்கு எடுத்துத் தொடங்குங்கள். புதுப் பெடல் ஹார்ப்பின் விலை பல்லாயிரம் பவுண்டு.

2. காரை அளந்து பாருங்கள்

விபுலானந்தர் 1947இல் வெளிவந்த ‘யாழ் நூலி’ல் ஆராய்ந்த நம் யாழும் ஹார்ப் குடும்பம்தான். அதைக் கையிலெடுத்துக்கொண்டு பாணரால் ஊர் ஊராக நடக்க முடிந்தது. உங்களால் முடியாது. பின் இருக்கைகளை மடித்தால் ஹார்ப் பக்கவாட்டில் படுக்க இடம் தரும் நீளமான கார் வேண்டும். அடியில் மெத்தை, மேலே உறை, எல்லாப் பெடலும் ஃபிளாட்டில். காரிலிருந்து மேடை வரை இரண்டு சக்கரத் தள்ளுவண்டி.

யாராவது தேதி கேட்டுக் கூப்பிட்டால், என்ன வாசிக்க வேண்டும் என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: படிக்கட்டு எத்தனை? லிஃப்ட் உண்டா? வண்டியை வாசல் வரை கொண்டுவரலாமா? “இரண்டே இரண்டு படிதான்” என்பவரை நம்பாதீர்கள், புகைப்படம் அனுப்பச் சொல்லுங்கள். பெரிய கருவியைச் சுமந்து வருவதற்கு வாசிப்புக் கூலி போகத் தனித்தொகை கேட்கும் வழக்கம் பிரிட்டனில் உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

3. எல்லோருக்கும் முன்னால் போய்ச் சுருதி சேருங்கள்

மற்றவர்கள் வந்து ஆளுக்கொரு பக்கம் ஊதத் தொடங்கிவிட்டால் உங்கள் தந்தி உங்கள் காதுக்கே கேட்காது. ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். பெடல்களை எல்லாம் ஃபிளாட்டில் விட்டு, சாவியை ஒவ்வொரு முளையாக மாட்டித் திருப்பி 47 தந்திகளையும் சேர்க்க வேண்டும். மேடை விளக்கு போட்டதும் சுருதி நகரும். தேவாலயத்தில் ஹீட்டரைப் போட்டால் மறுபடி நகரும். இடைவேளையில் மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். நீங்கள் சாவியோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

மேல் தந்திகள் நைலான், அடித் தந்திகள் உலோகம், நடுவில் இருப்பவை விலங்குக் குடலில் திரித்தவை. ஈரப்பதம் மாறினால் முதலில் அறுவது இந்தக் குடல் தந்திகள்தான், சில சமயம் நள்ளிரவில் ‘டப்’ என்று. மாற்றுத் தந்திகள் முழு செட்டாக எப்போதும் பையில் இருக்கட்டும். கருவியின் முதுகில் உள்ள ஓட்டை வழியாகக் கையை விட்டு, தந்தியை ஒலிப்பலகைத் துளையில் கோத்து, நுனியில் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுக்குள் பழைய தடித்த தந்தியின் துண்டு ஒன்றைச் செருகுவார்கள், இழுவிசையில் முடிச்சு துளை வழியே உருவிக்கொண்டு போகாமல் இருக்க. புதுத் தந்தி சில நாள் இளகிக்கொண்டே இருக்கும். ஆகவே கச்சேரியன்று புதுத் தந்தி போட நேர்ந்தால், ஓய்வு கிடைக்கும் இடமெல்லாம் அதை முறுக்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

4. பென்சில் இல்லாமல் ஒத்திகைக்குப் போகாதீர்கள்

எந்த இடத்தில் எந்தப் பெடல் மாறுகிறது என்பதைப் பெரும்பாலும் நீங்களேதான் இசைத்தாளில் குறிக்க வேண்டும். குறுக்குக் கோடு ஒன்று, நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, அதற்கு இடப்புறம் மூன்று, வலப்புறம் நான்கு சிறு கோடுகள்: ஏழு பெடல்களும் அந்த நொடியில் நிற்கும் நிலை அவ்வளவுதான். சில மேதைகள் பெடலை மறந்தே எழுதியிருக்கிறார்கள். வாக்னர் எழுதியதில் சில இடங்களை எழுதியபடியே வாசிக்க முடியாது. தலைமுறைகளாகக் கலைஞர்கள் சுரங்களைக் குறைத்தே வாசிக்கிறார்கள். நீங்களும் குறைக்கலாம், பாவமில்லை.

5. சும்மா இருக்கப் பழகுங்கள்

பெர்லியோஸின் ‘சிம்பொனி ஃபன்டாஸ்டிக்’ (1830) ஐந்து பகுதிகள் கொண்டது. ஹார்ப் வருவது இரண்டாம் பகுதியான நடனக் காட்சியில் மட்டும். மீதி நேரம் முழுவதும் பார்வையாளர் கண்ணெதிரே, பெரிய கருவிக்குப் பின்னால், கொட்டாவி விடாமல் இருக்க வேண்டும்.

சாய்கோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ வேறு விதமான சோதனை. இரண்டாம் அங்கத்தில் பூக்களின் வால்ட்ஸ் தொடங்கும்போது இசைக்குழு அடங்கி, ஹார்ப் மட்டும் தனியாக அருவிபோல் கொட்ட வேண்டும். அதுவரை ஆறிக் கிடந்த விரலோடு அங்கே இறங்குகிறீர்கள். வேலைக்கான தேர்விலும் இதைத்தான் கேட்பார்கள். இன்றே பயிற்சியைத் தொடங்குங்கள்.

6. வருமானத்தைப் பிரித்துக் கணக்கிடுங்கள்

கச்சேரியை மட்டும் நம்பினால் வாடகை கட்ட முடியாது. டியூஷன், கோடையில் திருமணங்கள், டிசம்பரில் பாலேயும் கிறிஸ்துமஸ் பாட்டும். பெஞ்சமின் பிரிட்டன் 1942இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் திரும்பும்போது எழுதத் தொடங்கிய ‘எ செரிமனி ஆஃப் காரல்ஸ்’, சிறுவர் குரல்களுக்கு ஒரே ஒரு ஹார்ப்பைத் துணை வைக்கிறது. அந்த மாதம் அதற்கு அழைப்பு வராத ஹார்ப் கலைஞர் அபூர்வம்.

திருமண ஒப்பந்தத்தில் மூன்றை எழுதி வாங்குங்கள்: நிழல், மழை வந்தால் கூரை, சமதரை. புல்வெளி என்றால் அடியில் பலகை வேண்டும். இல்லாவிட்டால் கருவி மண்ணில் இறங்கி, பெடல்கள் தரையில் முட்டும்.

7. பராமரிப்பும் பழக்கவழக்கமும்

ஆண்டுக்கு ஒருமுறையாவது தொழில்நுட்பரிடம் காட்டுங்கள். பெடலைச் சுற்றியுள்ள ஃபெல்ட் தேய்ந்துவிட்டால் மிதிக்கும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்கும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். விரல் நுனி காய்த்துப் போகும். சில நாள் வாசிக்காவிட்டால் அந்தக் காய்ப்பு இளகி, அடுத்த ஒத்திகையில் கொப்புளம் வரும். விடுமுறையிலும் தினமும் கொஞ்சம் வாசியுங்கள்.

ஊரில் உள்ள மற்ற ஹார்ப் கலைஞர்களைப் போட்டியாக நினைக்காதீர்கள். ஒரே நாளில் அவர்களுக்கு இரண்டு அழைப்பு வந்தால் ஒன்று உங்களிடம்தான் வரும். ‘நட்கிராக்கர்’ போன்றவற்றுக்கு ஹார்ப் இரண்டு வேண்டும். அந்த இரண்டாம் இடத்துக்கு ஆள் தேடுபவரும் பெரும்பாலும் முதல் ஹார்ப்தான். கூப்பிட்டால், சுரம் குறைவு என்று முகம் சுளிக்காமல் போய் உட்காருங்கள்.