பழைய காரீயக் குழாயை மாற்றும்போது

வெலிமடைப் பகுதியின் பழைய பங்களாக்களிலும் லயன்களிலும் நீர்க்குழாய் மாற்றுவோர், மங்கிய சாம்பல் நிறக் குழாயைக் கத்தி முனையால் சற்றே சுரண்டிப் பார்த்தல் நன்று. அது எளிதாக வெட்டுப்பட்டு வெள்ளிபோல் பளிச்சிட்டு, காந்தமும் ஒட்டாவிடின் காரீயம் என்றும், காந்தம் ஒட்டினால் பெரும்பாலும் நாகம் பூசிய இரும்பு என்றும் கொள்ளலாம். தாதுப்பொருள் குறைந்த மென்னீர் காரீயத்தை எளிதில் கரைக்கும். கொதிக்கவைத்தாலும் கரைந்த காரீயம் நீங்காது, நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். பாதியை மட்டும் வெட்டிச் செப்புக் குழாயைப் பொருத்துவது சிக்கனமாகத் தோன்றினும், இரு உலோகங்கள் தொடுமிடத்தில் அரிப்பு விரைவதாலும் வெட்டும் அதிர்வில் துகள்கள் உதிர்வதாலும், நீர்மானி முதல் குசினி வரை முழுவதையும் பீ.வீ.சீ. குழாயாக மாற்றுவதே தகும். அதுவரை, இரவு முழுதும் குழாயில் தேங்கிய நீரைக் குழந்தையின் பால்மாவுக்கு எடுக்காமல் வாளியில் பிடித்துத் தரை கழுவப் பயன்படுத்தலாம்.