தூங்குமூஞ்சி மரமும் தெருவிளக்கும்

இரவில் மரங்களைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது லென்ஸைப் பற்றித்தான். நான் திருப்பிக் கேட்பேன்: என்ன மரம்?

தூங்குமூஞ்சி மரம் பொழுது சாய்ந்ததும் சிற்றிலைகளை ஜோடி ஜோடியாக மடித்துக்கொள்ளும். பகலில் வெயிலை மறைத்த அதே கிளைகளின் ஊடே விளக்கொளி தாராளமாக நுழையும். கிளைப்பின்னல் கடைசிக் கொப்புவரை தெளிவாகத் தெரியும். சென்னையில் அடையாறு பக்கத்துத் தெருக்களில் இரவில் நான் சுற்றுவதே இதற்காகத்தான். அரசமரம் நேரெதிர். நீண்ட காம்பில் தொங்கும் இலை, நமக்குக் காற்றே தெரியாதபோதும் ஆடிக்கொண்டிருக்கும். பத்து விநாடி ஷட்டரைத் திறந்துவைத்தால் தலைப்பகுதி முழுக்கப் புகை மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது விளக்கு. அது நம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மரம் தட்டையாக விழும். அடிமரத்துக்குப் பின்னால் பல்பு மறையும்வரை மெல்ல நகர்ந்து பாருங்கள். பட்டையின் விளிம்பில் ஒளி கோடு கட்டும், வெடிப்புகள் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். மழை விட்ட இரவில் ஈரப் பட்டை இன்னும் அழகு.

மஞ்சள் சோடியம் விளக்குகள் குறைந்துகொண்டே வருகின்றன; கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஒரு குடியிருப்பின் காவலாளிக்குக் கேமரா திரையைக் காட்டியபோது, "பின்தெருவுல இன்னும் மஞ்ச லைட்டுதான் சார் எரியுது" என்று அவரே வழி சொன்னார். அந்த ஒளியின் நிறவெப்பம் சுமார் 2000 கெல்வின். பல கேமராக்களின் ஒயிட் பேலன்ஸ் 2500-க்குக் கீழே இறங்காது. ஒளியிலேயே பச்சையும் நீலமும் குறைவு என்பதால், ரா ஃபைலாக எடுத்தாலும் இலையின் பச்சை முழுதாகத் திரும்பாது. நான் மஞ்சளை மஞ்சளாகவே விடுவேன், இல்லையென்றால் கறுப்பு வெள்ளை. ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாகப் பார்ப்பது முக்கியம். மற்றதெல்லாம் சரியாகத் தெரியும்போதே அது எல்லை தாண்டியிருக்கும்.

எல்.இ.டி. விளக்கில் பச்சை கிடைக்கும். ஆனால் ஒளி பெரும்பாலும் சாலையை நோக்கியே இறங்குவதால் கம்பத்துக்கு மேலே உள்ள கிளைகள் இருட்டில் கரைந்துபோகும். அந்தத் தெருக்களுக்கு அந்தி மங்கும் வேளையில் போவேன். வானத்தில் நீலம் நிற்கும் இருபது நிமிடத்துக்குள் எடுத்தால் மரத்தின் உருவம் முழுசாகக் கிடைக்கும்.

மற்றபடி ட்ரைபாட், ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8, இரண்டு விநாடி டைமர். ட்ரைபாடில் வைத்ததும் லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். கோடையில் கடற்காற்று மாலையில் பலமாக வீசும், இரவு ஏற ஏற அடங்கும். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டி ஷட்டரை 1/25 விநாடிக்குக் கொண்டுவாருங்கள். அதைவிட ரொம்ப வேகமாக்கினால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விளக்கின் துடிப்பு படத்துக்குப் படம் வெளிச்சத்தை மாற்றிவிடும்.