தோப்பு எங்கேயோ, வழக்கும் அங்கேதான்

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தூரில் நீ கிரயம் பேசிய தென்னந்தோப்பு பற்றி எழுதியிருந்தாய். அட்வான்ஸ் வாங்கியவர் இப்போது போனையே எடுப்பதில்லை. அவர் இருப்பது கோயம்புத்தூரில், நீ இருப்பது மதுரையில், அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டது திண்டுக்கல்லில். எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்று கேட்கிறாய்.

கிரயத்தை எழுதிக் கொடு, தோப்பை ஒப்படை என்று கேட்பதானால், தோப்பு எந்தக் கோர்ட்டின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தோப்பு வேண்டாம், அட்வான்ஸ் திரும்பி வந்தால் போதும் என்றால் அது பணவழக்கு. அவர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம், ஒப்பந்தம் நடந்த ஊரிலும் போடலாம்.

தோப்பைக் கேட்கும் வழக்குக்கு அக்ரிமெண்டிலேயே ஒரு ஊரை எழுதிக்கொண்டால் ஆகாதா என்பாய். ஆகாது. மனை வாங்கிய விவகாரத்தில் டி.எல்.எஃப். கம்பெனி மீது ஒருவர் 1988-இல் தில்லியில் வழக்குப் போட்டார். ஒப்பந்தம் தில்லியில், பணம் கட்டியது தில்லியில், வழக்கு வந்தால் தில்லிக் கோர்ட் என்ற ஷரத்தும் இருந்தது. கம்பெனியும் முதலில் தில்லிக் கோர்ட்டின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டு, பல வருஷம் கழித்துத்தான் ஆட்சேபித்தது. ஆனால் மனை கிடந்தது ஹரியானாவின் குர்கானில். 2005-இல் உச்ச நீதிமன்றம், இல்லாத அதிகாரத்தை இருதரப்பும் சேர்ந்தாலும் கோர்ட்டுக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. பதினேழு வருஷம் வாய்தாவுக்கு அலைந்தவருக்குக் கடைசியில் பிராதுதான் கைக்குத் திரும்பியது. எனக்கு அந்த மனிதரை நினைத்தால் இன்றும் பரிதாபம்தான்.

முன்சீப் கோர்ட்டா, சப் கோர்ட்டா, மாவட்டக் கோர்ட்டா என்பதை அக்ரிமெண்டில் எழுதிய கிரயத் தொகை முடிவு செய்யும். அரசு வழிகாட்டி மதிப்பு அல்ல. தொகை வரம்பு அவ்வப்போது மாறும், வக்கீலிடம் கேட்டுக்கொள்.

இதற்கிடையில் தாலுகா ஆபீசுக்கும் ரிஜிஸ்தர் ஆபீசுக்கும் மனு எழுதிக்கொண்டிருக்காதே. பட்டா மாற்றுவது தாசில்தார் வேலை. சொத்து யாருடையது என்று தீர்ப்பது அவர் வேலை இல்லை. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று தமிழ்நாடு 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த, பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் செல்லாது என்றது. மூலப்பத்திரம் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற, தமிழ்நாடு பதிவு விதிகளில் உள்ள 55-ஏ விதியின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2025-இல் தள்ளியது. பதிவாளர் பத்திரத்தைப் பதிகிறவர். உரிமையை விசாரிக்கிறவர் அல்ல.

போலீஸ்? ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்கு ஆதாரம் இருந்தால் போ. பேச்சு மாறினார் என்பது மட்டும் குற்ற வழக்காகாது. ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், மனைப்பிரிவு போட்டும் அடுக்குமாடி கட்டியும் விற்பவர்களுக்கு. ஒற்றைத் தோப்பு விற்பவருக்கு அங்கே இடமில்லை.

கெடுவை மட்டும் மறந்துவிடாதே. கிரயத்துக்கு அக்ரிமெண்டில் தேதி குறித்திருந்தால் அன்றிலிருந்து மூன்று வருஷம். குறிக்கவில்லை என்றால், அவர் மறுத்தது உனக்குத் தெரிந்த நாளிலிருந்து. தவறான கோர்ட்டில் நல்லெண்ணத்தோடு வழக்கு நடத்திய காலத்தைக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஸ்டேஷனிலும் தாலுகா ஆபீசிலும் காத்துக் கிடந்த காலத்தைக் கழிக்க முடியாது. உன் அக்ரிமெண்டில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று பார்த்து, மறு தபாலில் எழுது.

அன்புடன்,
சித்தப்பா